பூனை பயத்துக்கும் ஒரு பேர் உண்டு

இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் சொல் சட்டென்று வாயில் நுழையாது. மூன்று தடவை மெள்ளச் சொல்லிப் பாருங்கள்: ஐலூரோஃபோபியா. ஏதோ புது மருந்தின் பெயரோ, வெளிநாட்டு ஊரின் பெயரோ என்று தோன்றுகிறது அல்லவா? இரண்டும் இல்லை. பூனையைக் கண்டால் பயப்படுகிறார்களே, அந்தப் பயத்துக்குத்தான் இந்தப் பெயர்.

"பூனைக்குப் போய் யாராவது பயப்படுவாளா? புலிக்குப் பயந்தாலும் அர்த்தம் இருக்கு" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பதைக் கடைசியில் நீங்களே சொல்வீர்கள்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பழைய கிரேக்க மொழியில் 'ஐலூரோஸ்' என்றால் பூனை. வேகமாக ஆடும் வாலை உடையது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஃபோபோஸ் என்றால் பயம். இன்னும் பழைய காலத்தில், ஹோமரின் காவியங்களில், அந்தச் சொல்லுக்குப் 'பயந்து ஓடுதல்' என்றே பொருள். பயத்துக்கே ஒரு தேவதையை வைத்து அதற்கும் ஃபோபோஸ் என்று பெயரிட்டிருந்தார்கள் கிரேக்கர்கள். அந்தத் தேவதை யுத்த தேவனின் பிள்ளை. 1877-ல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றும் இரண்டு சந்திரன்களைக் கண்டுபிடித்தபோது, ஒன்றுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆக, பூனை பாதி, ஓட்டம் பாதி சேர்ந்ததுதான் நம்முடைய சொல். இமயமலைப் பக்கம் இருக்கும் சிவப்புப் பாண்டாவின் அறிவியல் பெயரிலும் இதே 'ஐலூரஸ்' இருக்கிறது. பூனை மாதிரி இருக்கிறது என்று வைத்த பெயர் அது.

இதே பயத்துக்கு வேறு பெயர்களும் உண்டு. லத்தீன் சொல்லை வைத்து 'ஃபெலினோஃபோபியா' என்பார்கள். 'கேட்டோஃபோபியா' என்பாரும் உண்டு. 'கேலியோஃபோபியா' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அதையே சுறாமீன் பயத்துக்கும் சொல்வதுண்டு என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. நம் ஊர் வாய்க்காலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் சுறா வரப்போவதில்லை!

எப்படிப் பயன்படுத்த வேண்டும்? பூனையைப் பிடிக்காது என்கிறவரை இந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது. "எனக்குப் பூனையே ஆகாது, பாலைக் குடிச்சிடுது, படுக்கையில ஏறிடுது" என்கிறவருக்கு இருப்பது வெறும் எரிச்சல். பூனையைக் கண்டதும் நெஞ்சு படபடத்து, கை கால் நடுங்கி, தொண்டை வறண்டு, அந்த இடத்தை விட்டு ஓடினால்தான் உயிர் பிழைப்போம் என்று ஆகிவிடுகிறதே, அவருக்கு இருப்பதுதான் ஐலூரோஃபோபியா. அப்படிப்பட்டவரை 'ஐலூரோஃபோப்' என்பார்கள். பூனை என்றால் உயிரை விடுகிறவர் 'ஐலூரோஃபைல்.'

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகராதியிலும் விநாடி வினாவிலும் இந்தச் சொல் நிறைய வரும். டாக்டர் சீட்டில் அநேகமாக வராது. நாய்க்கு ஒரு பேர், பல்லிக்கு ஒரு பேர், கரப்பான்பூச்சிக்கு ஒரு பேர் என்று தனித்தனியே எழுதாமல், 'குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிய ஃபோபியா, பிராணி வகை' என்றே மனநல டாக்டர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா என்பதே அவர்கள் பார்க்கிற கணக்கு. இந்த மாதிரிப் பயங்கள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கிரேக்கம் போதும், நம் தமிழுக்கு வருவோம். பூனைக்குத் தமிழில் எத்தனை பேர்! பூனை, பூசை, வெருகு. கம்பர் தம் ராமாயணத்தைத் தொடங்கும்போது அவையடக்கம் சொல்கிறார் அல்லவா? பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசையோடு போன பூனையைப் போல நான் ராமகதை சொல்லப் புகுந்தேன் என்று. அங்கே அவர் போட்டிருக்கும் சொல் 'பூசை.' தொல்காப்பியர் மரபியலில், வெருகைப் பூசை என்று சொல்லும் வழக்கம் உண்டென்று குறிக்கிறார். அதன் பிள்ளையைக் 'குட்டி' என்று சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார். இன்றைக்கும் நாம் 'பூனைக்குட்டி' என்றுதானே சொல்கிறோம்!

வெருகு என்பது காட்டுப் பூனை. தமிழில் 'வெரு' என்றால் அச்சம், 'வெருவுதல்' என்றால் அஞ்சுதல். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையா என்பதைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அகராதியில் அவை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால், ஐலூரோஃபோபியாவை யாராவது தமிழில் சொல்லச் சொன்னால் நான் 'பூனை வெருட்சி' என்பேன். பொருளும் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது.

பூனைக்குப் பயந்தவர்களைச் சங்கப் பாட்டில் தேடினால், முதலில் வருவது கோழி! குறுந்தொகையில் 139-ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் புலவர் பாடியது. அந்தி நேரத்தில் வேலி ஓரம் வெருகு வந்துவிட, வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைப் பதறிப் பதறிக் கூப்பிடுகிறதாம். புறநானூற்றில் 326-ஆம் பாட்டு இன்னும் அழகு. இருட்டில் வெருகுக்கு அஞ்சி ஒரு இளம் பேடை நடுநடுங்கிக் கத்துகிறது. பஞ்சு கொட்டி நூற்கும் பெண் ஒருத்தி, செத்தையைத் தட்டிச் சுத்தம் செய்வதற்காகச் சின்ன விளக்கோடு எழுந்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்திலேயே தன் சேவல் நிற்பதைப் பார்த்ததும் கோழிக்கு நடுக்கம் அடங்கிவிடுகிறது. அந்தப் பெண் கோழியை அதட்டவும் இல்லை, "இதுக்குப் போய் இப்படிக் கத்துறியா" என்று கேலி செய்யவும் இல்லை. கொஞ்சம் வெளிச்சமும் கூட ஒரு துணையும்தான் வேண்டியிருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கோழியின் பயம் நியாயமான பயம். வெருகு அதைத் தின்னும். மனுஷியைத் தின்னாத பூனையிடம் மனுஷி நடுங்குவதுதான் புதிர்.

இந்தப் புதிரை உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த நரம்பியல் டாக்டர் சைலஸ் வேர் மிட்சல். பூனைக்குப் பயந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். கண்ணுக்குத் தெரியாமல், சத்தமும் கேட்காமல் பூனை பக்கத்தில் இருந்தாலே சிலருக்கு அது தெரிந்துவிடுகிறது என்று 1905-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் அறியாமலே மூக்குக்கு எட்டுகிற ஏதோ வாசனையாக இருக்கலாம் என்பது அவர் யூகம். அடுத்த வருஷம், 1906-ல், இதையே ஒரு பெண்கள் பத்திரிகையில் எளிமையாக எழுதினார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்மைப் போன்ற வாசகிகள் அமெரிக்காவில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பூனை பயத்தைப் பற்றிப் படித்திருக்கிறார்கள்!

ஆனால் இதே டாக்டரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மனம் சோர்ந்த பெண்களைப் படுக்கையிலேயே வைத்து, படிக்காதே, எழுதாதே என்று சொல்லும் 'ஓய்வு வைத்தியம்' அவருடையதுதான். 1887-ல் அவரிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர், அந்த வைத்தியம் ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தும் என்பதை 1892-ல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்க் காகிதம்' என்ற கதையில் எழுதினார். பூனை பயத்தைக் காது கொடுத்துக் கேட்ட மனிதர், எழுத ஆசைப்பட்ட பெண்ணைக் கேட்கவில்லை. பெண்கள் சொல்வதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது அந்தக் காலத்திலும் அடுத்தவர் கையில்தான் இருந்தது.

"நெப்போலியனே பூனைக்குப் பயந்தானாமே" என்று சிலர் கேட்பார்கள். இன்னும் பல ராஜாக்கள், சர்வாதிகாரிகள் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கெல்லாம் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. பூனைக்குப் பயப்பட ஒருவர் பேர் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

எங்கள் ஊர் விருத்தாசலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, அப்புறம் பீங்கான். கார்த்திகைக்கு நீங்கள் வாங்கும் பீங்கான் அகலோ, மெயின் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கேரியரோ, ஷோகேஸில் இருக்கும் பொம்மையோ எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது 'செராமிக் வேலை'க்குப் போகிறவர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயசு. நல்ல சுறுசுறுப்பு. ஆனால் கொல்லைப்புறம் போகச் சொன்னால் மட்டும் முகம் வெளிறிவிடும். துணி காயப் போடுவது, விறகு எடுப்பது, கறிவேப்பிலை பறிப்பது எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்கு. அந்தக் கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மாமியாரோ, "வேலைக்குக் கள்ளம் பண்ணறா. அவங்க வீட்டுல ஒரே செல்லம். பூனையாம், பயமாம்!" என்று என்னிடம் வருத்தப்பட்டார். கணவனும் அவன் தம்பியும் விளையாட்டுக்கு "மியாவ்" என்று கத்துவதும், அவள் அலறுவதும், வீடே சிரிப்பதுமாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று மந்திரித்துத் தாயத்தும் கட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் சோறு வடித்துக் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பூனை சமையலறைக்குள் வந்துவிட்டது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் இரண்டு பாதத்திலும் கொதிக்கிற கஞ்சி. நாங்கள் போய் நிறையப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால் வெந்து கிடக்கிறபோதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, அது போயிடுச்சா?"

அன்றைக்கு அந்த மாமியார் பேசவே இல்லை. கள்ளம் பண்ணுகிறவள் தன் காலைக் கொதிகஞ்சியில் போட மாட்டாள் என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

புண்ணுக்கு மருந்து போட வந்தபோது, டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இருட்டில் பூனைக்குட்டியின் மேல் இவள் கால் பட்டுவிட, தாய்ப் பூனை பாய்ந்து பிடுங்கியிருக்கிறது. அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு பூனை இருக்கும் வீட்டுக்கே போவதில்லை. போகாமல் போகாமல் பயம் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கப் போனபோதுதான் "ஐலூரோஃபோபியா என்று இதற்கு ஒரு பேர் உண்டம்மா" என்று டாக்டரம்மா சொன்னார். அந்தப் பெண் உடனே அழுதுவிட்டாள். "அப்போ எனக்கு மட்டும் இல்லையா அக்கா? பேரு வைக்கிற அளவுக்கு நெறைய பேருக்கு இருக்கா?" என்றாள். ஒரு சொல்லால் நோய் தீராது. ஆனால் நம்மைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று அது சொல்லும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, இந்த வைத்தியத்தின் மூலமே அந்தப் பழமொழிதான் என்று சொல்லலாம். தெனாலிராமன் கதையில், கொதிக்கிற பாலில் வாயை வைத்துச் சுட்டுக்கொண்ட பூனை அப்புறம் பாலைக் கண்டாலே ஓடியதல்லவா, அதேதான். ஒரு தடவை சூடு பட்டால் பயம் வருகிறது. ஓடி ஓடித் தப்பித்தால், பால் ஆறிவிட்டது என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடுகிறது.

இதைப் பரிசோதனை செய்தே பார்த்தார் தென்னாப்பிரிக்காவில் ஜோசஃப் வோல்ப்பே என்ற டாக்டர், 1940-களில். அவர் சோதித்தது எதை வைத்துத் தெரியுமா? பூனைகளை வைத்து! கூண்டுக்குள் பூனைக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார். பாவம், அப்புறம் அவை பசித்தாலும் அந்தக் கூண்டில் சாப்பிட மறுத்தன. அதே மாதிரி இருக்கும் அறையில்கூடச் சாப்பிடவில்லை. பிறகு அவர் கூண்டிலிருந்து வெகுதூரத்தில், கொஞ்சமும் அந்த அறை மாதிரி இல்லாத இடத்தில் சாப்பாடு வைத்தார். அங்கே சாப்பிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூண்டுப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் பயந்த கூண்டுக்குள்ளேயே பூனைகள் நிம்மதியாகச் சாப்பிட்டன. இதிலிருந்து மனிதர்களுக்கு ஒரு சிகிச்சை முறையை உண்டாக்கி 1958-ல் புத்தகமாக எழுதினார். உடம்பைத் தளர்த்தி அமைதியாக இருக்கப் பழக்கி, பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பதுதான் அது. பூனையின் பயத்தைப் போக்கிப் படித்த பாடம், பூனையிடம் உள்ள பயத்தைப் போக்கவும் உதவுகிறது!

ஆனால் அவருக்கும் முன்னாலேயே இதைச் செய்து காட்டியவர் ஒரு பெண். அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ். 1924-ல் வெளியான அவர் கட்டுரையில் பீட்டர் என்ற சின்னப் பையன் வருகிறான். முயலைக் கண்டால் பயம். கம்பளிக் கோட்டு, பஞ்சு, இறகு என்று மெத்து மெத்தென்று எதைக் கண்டாலும் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார் அந்த அம்மாள். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டத் தெரிந்த நமக்கு இது அதிசயமே இல்லை, என்ன சொல்கிறீர்கள்?

சரியாகப் பூனை பயத்துக்கே செய்த சிகிச்சையும் பதிவாகி இருக்கிறது. 1960-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஃப்ரீமன், கெண்ட்ரிக் என்ற இருவர் எழுதியது. நோயாளி 37 வயதான, கல்யாணமான பெண். நாலு வயசு வாக்கில், தன் அப்பா ஒரு பூனைக்குட்டியைத் தண்ணீர் வாளியில் முக்கிக் கொன்றதை நேரில் பார்த்தவர். அவருக்குப் பூனை மயிர் போலத் தோன்றும் துணிகளை, கொஞ்சமும் ஒப்புமை இல்லாததிலிருந்து தொடங்கி, முயல் தோல் வரை வரிசையாகத் தொடக் கொடுத்தார்கள். பிறகு பொம்மைப் பூனை, பூனைப் படங்கள், அப்புறம் சாதுவான உயிருள்ள குட்டி. அந்தக் குட்டியை அவர் வீட்டுக்கே எடுத்துப்போய் வளர்த்தார். குட்டி வளர வளர, அவர் தைரியமும் வளர்ந்தது. பிற்பாடு பெரிய பூனையையும் தொட்டார்.

இப்போது சிகிச்சை இன்னும் சுருங்கியிருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்பவர், சிகிச்சையாளர் கூடவே இருந்து, அதிகபட்சம் மூன்று மணி நேரம் கொண்ட ஒரே அமர்வில் செய்யும் முறையை 1989-ல் விளக்கினார். ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது. நாம் வீட்டில் செய்து பார்க்கிற சமாசாரம் இல்லை.

எங்கள் தெருப் பெண்ணுக்கு மனநல டாக்டர் ஒரு ஏணிப்படி எழுதிக் கொடுத்தார். பத்துப் படி. கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றதும், "எங்க அக்கா இருப்பாங்க" என்று என்னைக் காட்டிவிட்டாள். முதல் படி, 'பூனை' என்று காகிதத்தில் எழுதுவது. அதற்கே அவள் கை நடுங்கியது. அடுத்தது கோட்டுப் படம், அப்புறம் வண்ணப் படம். நாலாவது படிக்கு டாக்டர் "ஏதாவது பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் ஊரில் பொம்மைக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர், தெரிந்த பட்டறையிலிருந்து ஒரு பீங்கான் பூனை கொண்டு வந்தார். வர்ணம் போடாத வெள்ளைப் பூனை. மாவுக் களியை அச்சில் ஊற்றி எடுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்தது.

அந்தப் பொம்மை முதலில் என் வீட்டு ஜன்னலில் இருந்தது. அவள் வாசலில் நிற்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு அடி கிட்டே. நடுவில் மூச்சு வாங்கினால் அதே இடத்தில் நிற்பாள், திரும்பி ஓட மாட்டாள். டாக்டர் சொன்ன சூத்திரமே அதுதான். "படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஓடாமல் நின்றால் தானே இறங்கும். இறங்கிய பிறகு போங்கள்." பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்தால் மெள்ள அடங்குமே, அதை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்பதாம் நாள் பொம்மையைக் கையில் எடுத்தாள். "சில்லுனு இருக்குக்கா" என்று சிரித்தாள். பிறகு அதற்கு வர்ணம் தீட்டியதும் அவளே. மீசையை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டாள்.

மாமியாருக்கும் டாக்டர் வேலை கொடுத்தார். "மியாவ்" சத்தம் வீட்டில் அடியோடு நிற்க வேண்டும். அவள் ஒரு படி ஏறினால், "இதுதானா?" என்று கேட்காமல் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த அம்மாளும் சளைக்கவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் குட்டி, இந்தப் பக்கம் மருமகள் என்ற ஏழாவது படியில், கதவருகே நாற்காலி போட்டு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அவர்தான். "நானும் உன் வயசுல பல்லிக்கு இப்படித்தான்டி ஓடுவேன். யார்கிட்ட சொல்றது? சொன்னா அடிதான் விழும்" என்றார். அந்தப் பெண்ணுக்குப் பாதி பயம் அங்கேயே போயிருக்கும்.

பத்தாவது படி, பூனையைத் தொடுவது. அதை அவள் இன்னும் ஏறவில்லை. எட்டிலேயே நிற்கிறாள். மதில் மேல் பூனை உட்கார்ந்திருக்க, கொல்லையில் துணி காயப் போடுகிறாள். கண் மட்டும் அடிக்கடி மதில் பக்கம் போகும். அதனால் என்ன? பூனையைக் கொஞ்ச வேண்டும் என்று சட்டமா? கொதிகஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக நடக்க முடிந்தால் போதும்.

இந்தச் சொல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது சகுனம். அது நம்பிக்கை சார்ந்தது, ஃபோபியா ஆகாது. அந்த வீட்டிலேயே மடியில் பூனையை வைத்துக் கொஞ்சுவார்கள்.

பூனை கிட்டே வந்தால் தும்மல், கண் அரிப்பு, இளைப்பு வந்தால் அது அலர்ஜி. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம்தான் காரணம். அது மயிரில் ஒட்டிக் காற்றில் பறக்கிறது. இதற்குத் துணிச்சல் உதவாது, டாக்டர் மருந்துதான் உதவும். இளைப்பு உள்ளவரை "பயப்படாதே, தொட்டுப் பார்" என்று வற்புறுத்தவே கூடாது.

கடிக்கும் பூனைக்குப் பயப்படுவது புத்திசாலித்தனம். பூனையாலும் வெறிநோய் வரும். கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்ப வேண்டாம். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளாமல் இருப்பது நல்லது. அதிலிருந்து வரும் ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். இதெல்லாம் ஜாக்கிரதை. இவற்றுக்கு ஐலூரோஃபோபியா என்று பெயரில்லை.

உங்கள் வீட்டில் இந்தப் பயம் உள்ளவர் இருந்தால், நான் கண்டு தெரிந்துகொண்ட ஐந்து யோசனைகள்:

கேலி வேண்டாம். அதிலும் குழந்தைகளைப் பூனை காட்டிப் பயமுறுத்திச் சோறு ஊட்டும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பிடித்துக் கட்டாயமாகப் பூனையை மடியில் போடாதீர்கள். திடீரென்று போட்டால் பயம் இரட்டிப்பாகும். எந்தப் படி, எப்போது என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

அதற்காகப் பூனை வரும் இடத்துக்கே போகாமல் முழுக்கப் பொத்திப் பாதுகாக்கவும் வேண்டாம். ஒதுங்க ஒதுங்கப் பயம் கொழுக்கும்.

தாய் அலறினால் பிள்ளையும் அலறப் பழகும். உங்களுக்கே பயம் இருந்தால், பிள்ளைகளுக்கு முன்னால் முடிந்தவரை நிதானமாக நகருங்கள். பிறகு உங்களுக்கும் சிகிச்சை தேடிக்கொள்ளுங்கள்.

வேலை, படிப்பு, தூக்கம் கெடுகிற அளவுக்குப் பயம் இருந்தால், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

'பூனைக்கு யார் மணி கட்டுவது' என்று எலிகள் கூடி யோசித்த கதை நமக்குத் தெரியும். பெரிய காரியம் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். பயத்துக்கு மணி கட்டுவது அவ்வளவு பெரிய காரியமில்லை, சகோதரிகளே. முதலில் அதன் பேரைச் சொல்லுங்கள். வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, பூனை வெருட்சி என்றே சொல்லுங்கள். சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்காமல், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மிச்சப் படிகளை அவளே ஏறிக்கொள்வாள்.